இயந்திரத்தின் பிழையும் மாணவரின் பிழையும்

கற்பித்தல் அறத்தின்பாற்பட்ட செயல் என்னும் கருத்துத் தமிழ் மரபிற்குப் புதியதன்று. நன்னூலின் பொதுப்பாயிரம் நல்லாசிரியனுக்கு நிலம், மலை, நிறைகோல், மலர் என்னும் நான்கினையும் உவமையாகக் கூறுகின்றது. இவற்றுள் நிறைகோல் என்னும் உவமை தனித்து நோக்கற்பாலது. பொருளின் எடையை ஐயத்திற்கு இடமின்றிக் காட்டுவது நிறைகோல்; இரு தட்டுகளுக்கும் நடுவே சாயாது நிற்பதும் அதுவே. மாணவரின் திறனையும் குறையையும் அளந்து கூறும் இடத்தில் இருப்பவர் ஆசிரியர். அவரது அளவை பிழைபடின் அதனாற் துன்புறுபவர் மாணவரே. ஆயின், நிறைகோலே பழுதுற்றிருப்பதை நிறுப்பவர் அறியாதிருந்தால் யாது நிகழும்? கருவியொன்றைக் கொண்டு கற்பிக்கும் ஒவ்வொரு தொழிலுக்கும் இவ்வினா உரியது. வன்னிப் பெருநிலப்பரப்பில் மோட்டார் சைக்கிள் ஓட்டப் பழக்கும் பயிற்றுநரின் தொழில் இதனைத் தெளிவாக எழுப்புகின்றது.

எடுத்துக்காட்டாக ஒரு காட்சியைக் கற்பனை செய்து பார்க்கலாம். கிளிநொச்சியில் மைதானமொன்றில் இளம்பெண் ஒருவர் சாரதி அனுமதிப்பத்திரம் பெறும் நோக்குடன் எட்டு வடிவில் ஓட்டிப் பழகுகின்றார். நேராகச் செல்லும்போது அவரது கை நிதானமாகவே உள்ளது. வளைவிலே ஹாண்டிலை முழுமையாகத் திருப்பியவுடன் எஞ்சின் இரைகின்றது, வண்டி பாய்கின்றது, அவர் அஞ்சிக் காலை ஊன்றுகின்றார். "வளைக்கேக்கை அக்சிலேற்றரை முறுக்க வேண்டாம் எண்டு எத்தினை தரம் சொல்லுறது, தங்கச்சி?" என்று பயிற்றுநர் கடிந்துகொள்கின்றார். "நான் முறுக்கேல்லை அண்ணை, அது தானாத்தான் இரையுது" என்கின்றார் அப்பெண். பயிற்றுநர் அதனை நம்பவில்லை. சில நாள்களின் பின்னர், தமக்கு இது வாய்க்காது என்று முடிவுசெய்து அவர் பயிற்சியைக் கைவிடுகின்றார்.

அப்பெண் கூறியது உண்மையாயிருத்தல் கூடும். அக்சிலேற்றர் கேபிளுக்குச் சில மில்லிமீற்றர் தளர்வு இருத்தல் வேண்டும். அத்தளர்வு அற்றுப்போயினும், கேபிள் ஹாண்டிலின் அருகே பிழையான வழியாகச் செலுத்தப்பட்டிருப்பினும், ஹாண்டில் ஒரு பக்கமாக முழுமையாகத் திரும்பும்போது கேபிள் இழுபடும். ஓட்டுபவரின் கை அசையாதிருக்கவே எஞ்சினின் வேகம் கூடும். இதனைக் கண்டறிவதற்குப் பட்டறை வேண்டியதில்லை. வண்டியை நிறுத்தி, கியரை விடுவித்து, எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, ஹாண்டிலை இடமும் வலமும் திருப்பிச் செவிகொடுத்தாற் போதும். ஒரு நிமிடத்திற்குள் முடியும் சோதனை அது. அந்த ஒரு நிமிடம் செலவிடப்படாமையால் ஓர் இயந்திரத்தின் பிழை ஒரு மனிதரின் இயலாமையாகத் தீர்ப்பெழுதப்பட்டது. பயிற்றுநர்களுக்குப் பொதுவான இயந்திரப் பழுதுகளைக் கண்டறியவும் திருத்தவும் கற்பித்தல் வேண்டும் என்பதற்குப் பாதுகாப்பே காரணமாகக் கூறப்படுவது வழக்கம். அக்காரணம் சரியானதே. எனினும் அதனினும் ஆழமான காரணம் ஒன்றுண்டு. மாணவரிடத்து நீதியாக நடப்பதற்கு அவ்வறிவு முன்நிபந்தனையாகின்றது என்பதே அது.

மேற்காட்டியது தனித்த உதாரணமன்று. மோட்டார் சைக்கிளின் பொதுவான பழுதுகள் பல, பழகுநரின் பிழைகளைப் போன்றே தோற்றமளிக்கின்றன. கிளச் கேபிள் மிகையாகத் தளர்ந்திருந்தால், கைப்பிடியை முழுமையாகப் பிடித்தபோதும் கிளச் முற்றாக விடுபடாது. வண்டி ஊர்ந்து செல்லும் அல்லது நின்றுபோகும். பார்ப்பவருக்கு அது பழகுநர் கிளச்சைப் பிழையாகக் கையாள்வதாகவே தோன்றும். காபரேற்றரின் சிறுதுளை அடைபட்டிருப்பின் அக்சிலேற்றரைத் தளர்த்தியவுடன் எஞ்சின் அணைந்துபோகும். பழி மீண்டும் கிளச்சைப் பிடித்த கையின்மீதே விழும். செயின் தொய்ந்திருந்தால் வண்டி வெட்டிவெட்டிப் பாயும். பழகுநரின் கைக்கு மென்மை இல்லை எனப்படும். முன்சக்கரத்தில் காற்றுக் குறைந்திருப்பின் ஹாண்டில் கனக்கும். ஹாண்டிலைத் தாங்கும் கழுத்துப் பகுதியின் குண்டுப்போதிகைகள் மிகையாக இறுக்கப்பட்டிருந்தால், மெதுவான வேகத்தில் வண்டி தன்னைத்தானே நேர்ப்படுத்திக்கொள்ள இயலாது இருபுறமும் அலையும். எட்டு வடிவில் ஓட்டும் ஒருவருக்கு இதனினும் பெரிய இடையூறு வேறில்லை. அவருக்குச் சமநிலை வரவில்லை என்று மட்டும் பிறர் கூறுவர்.

இத்தகைய நிலையில் பழகுநர் இருமடங்கு பாதிக்கப்படுகின்றார். அவருக்கு ஒப்பீடு செய்வதற்கு வேறு வண்டி தெரியாது. நன்றாக இருக்கும் கிளச் எவ்வாறு இயங்கும் என்பதைக் கையால் உணர்ந்தறியாத ஒருவர், தம் கையிலுள்ளது பழுதானது என்று எங்ஙனம் அறிவார்? ஒருவேளை ஏதோ சரியில்லை என்று அவர் உணர்ந்து கூறினாலும், புதியவர் என்பதால் அவர் சொல் எடுபடுவதில்லை. பெண் என்பதாலும் அது எடுபடாது போவதுண்டு. ஆங்கில மெய்யியலாளரான மிராண்டா ஃபிரிக்கர் 2007 இல் வெளியிட்ட நூலொன்றில் இதனை அறிவுசார் அநீதி என்னும் பெயரால் ஆராய்ந்தார். ஒருவரது சொல்லுக்குரிய நம்பகத்தன்மை, அவர் யார் என்பது பற்றிய முற்கோடலினால் குறைத்து மதிக்கப்படும்போது, அவர் அறிவுடையவர் என்ற நிலையிலேயே தீங்கிழைக்கப்படுகின்றார் என்பது அவரது வாதத்தின் சாரம். "அது தானாத்தான் இரையுது" என்ற கூற்று ஒரு சாட்சியம். அதனைச் சோதித்துப் பார்க்கும் அறிவு இல்லாத பயிற்றுநருக்கு அதனை மறுப்பதே எளிய வழியாகின்றது. நல்ல மனம் படைத்தவராயினும் அறியாமையினால் அவர் அநீதிக்குத் துணைபோகின்றார்.

வன்னியிலே இவ்வினா கனம் பெறுவதற்குக் காரணங்கள் உள. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மாவட்டங்களின் ஊர்கள் ஒன்றிலிருந்தொன்று தொலைவிலுள்ளவை. மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் ஏ34 வீதியும், பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் ஏ35 வீதியும் காடும் வயலும் ஊடறுத்துச் செல்வன. துணுக்காய், ஒட்டுசுட்டான், நெடுங்கேணி போன்ற பகுதிகளின் உட்கிராமங்களுக்குச் செல்லும் கிரவல் பாதைகளில் பேருந்தை நம்பித் தொழில் செய்தல் அரிது. ஆசிரியர், குடும்பநல உத்தியோகத்தர், கிராம அலுவலர், மீன் வியாபாரி, பால் சேகரிப்பவர் ஆகிய யாவருக்கும் மோட்டார் சைக்கிளே காலாகின்றது. 2009 மே மாதத்தில் போர் முடிவுற்றபின், குடும்பச் சுமையைத் தனித்துத் தாங்கும் நிலைக்குப் பெண்கள் பலர் தள்ளப்பட்டனர். அவர்களுள் ஒருவர் ஓட்டப் பழகுவதென்பது, வேலைக்குச் செல்லும் வாய்ப்பையும், பிள்ளையை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லும் வாய்ப்பையும் பெறுவதாகும். அவரை "உமக்கு இது வராது" என்று திருப்பி அனுப்பும் தீர்ப்பின் பாரம், நகரத்து மாணவர் ஒருவருக்குக் கூறப்படும் அதே தீர்ப்பின் பாரத்தைக் காட்டிலும் பலமடங்கானது.

வன்னி மக்கள் இயந்திரத்தை அறியாதவர் என்று இதனாற் கொள்ளலாகாது. உண்மை நேர்மாறானது. 1990 களின் பொருளாதாரத் தடையின்போது பெற்றோலும் உதிரிப்பாகங்களும் இப்பகுதிக்கு வருவது கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. சில துளி பெற்றோலினால் எஞ்சினை இயக்கிச் சூடாக்கியபின் மண்ணெண்ணெயில் ஓடவிடும் வழக்கம் அக்காலத்தில் பரவியது. மண்ணெண்ணெய் எஞ்சினைத் தட்டச் செய்யும். தீப்பொறிக்கட்டையில் கரி படியச் செய்யும். எஞ்சின் ஒயிலை நீர்க்கச் செய்யும். இவை யாவற்றையும் அறிந்தே, கழற்றியும் துடைத்தும் மீளப்பூட்டியும், மக்கள் அவ்வண்டிகளை ஓட்டினர். ஹொண்டா நிறுவனத்தின் எம்.டி. 90 வன்னியின் வீதிகளில் நிலைத்த பெயரைப் பெற்றமைக்கு, அதன் எளிய அமைப்பும் எதனையும் தாங்கும் இயல்பும் காரணங்களாயின. 2002 இல் போர்நிறுத்த உடன்படிக்கையின் பின் ஏ9 வீதி திறக்கப்படும்வரை, ஒரு பழைய வண்டியை உயிருடன் வைத்திருத்தல் ஒரு குடும்பத்தின் உயிரைக் காத்தலுடன் ஒன்றாகவே இருந்தது.

இவ்வாற்றலுக்கு வன்னித் தமிழில் "சமாளித்தல்" என்று பெயர். அது மதிப்பிற்குரிய ஓர் ஆற்றல். ஆயின், எந்த நற்பண்பும் தனக்குரிய இடத்தை விட்டுப் பெயர்ந்தால் தன் இயல்பை இழக்கும் என்பதை அரிஸ்டோட்டிலிலிருந்து அறவியலாளர் பலர் சுட்டியுள்ளனர். தடைக்காலத்தில் தேய்ந்த பிறேக்குடன் ஓட்டியவர் அப்பழுதை அறிந்தே ஓட்டினார். பழுதுக்கேற்பத் தம் வேகத்தைக் குறைத்தார். அதன் ஆபத்தைத் தாமே ஏற்றுக்கொண்டார். வேறு வழி அவருக்கு இருக்கவுமில்லை. பயிற்சி மைதானத்தில் இந்நான்கு நிபந்தனைகளும் இல்லை. பழகுநர் பழுதை அறியார்; அதற்கேற்ப நடக்கும் திறன் அவரிடம் இன்னும் உருவாகவில்லை; ஆபத்தை அவர் தெரிந்து ஏற்கவில்லை; பயிற்சியை ஒருநாள் ஒத்திவைக்கும் வழியும் உண்டு. "ஓடுதுதானே, பிறகு பார்ப்பம்" என்னும் சொல் ஒருகாலத்தில் துணிவின் மொழியாக இருந்தது. பிறரது உடலைப் பணயமாக வைத்து அதனைச் சொல்லும்போது அது துணிவாகாது. தன்னளவில் சமாளித்தல் வேறு. பிறரைக் கேளாமலே அவரைச் சமாளிக்க வைத்தல் வேறு.

இங்கு இரு மறுப்புகள் எழுதல் கூடும். முதலாவது மறுப்புப் புள்ளிவிவரத்தின்பாற்பட்டது. அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் ஹரி ஹேர்ட் என்பவரின் தலைமையில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகள் நேரிற் சென்று ஆராயப்பட்டன. 1981 இல் வெளிவந்த அவ்வறிக்கையின்படி, வாகனப் பழுது காரணமாக ஏற்பட்ட விபத்துகள் நூற்றுக்கு மூன்றிலும் குறைவானவை. அவற்றுள்ளும் பெரும்பாலானவை ரயர் காற்றுப்போனதால் நேர்ந்தவை. அதே அறிக்கை, விபத்துக்குள்ளான ஓட்டுநர்களுள் நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு பேர் முறையான பயிற்சி பெறாதவர் என்றும் காட்டியது. ஆகவே பயிற்றுநரின் நேரம் வீதி ஒழுங்கையும் ஆபத்தை முன்னுணர்தலையும் கற்பிப்பதிலேயே செலவிடப்படல் வேண்டும். இயந்திர அறிவு இரண்டாந்தரமானது என்று ஒருவர் வாதிடலாம்.

இம்மறுப்பு எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. இயந்திரப் பழுதே விபத்துகளின் முதற்காரணம் என்று மிகைப்படுத்துவோரை அது தடுக்கின்றது. எனினும் அதற்கு விடையுண்டு. ஒரு நாட்டின் வண்டிகளையும் வீதிகளையும் பற்றிய எண்ணிக்கையைப் பிறிதொரு நாட்டிற்கு அப்படியே பொருத்துதல் ஆய்வுமுறையாகாது. இலங்கையில் 2020 இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 அளவிலேயே படிப்படியாகத் திறந்துவிடப்பட்டது. அவ்விடைக்காலத்தில் பழைய வண்டிகளே மேலும் பழையனவாகி ஓடின. அன்றியும், அவ்வாய்வு எண்ணியது விபத்துகளை. பழுதான வண்டியில் பழகித் தோற்று, வீதிக்கே வராது வீடு திரும்பியவர் எந்த விபத்துக் கணக்கிலும் இடம்பெறுவதில்லை. அநீதிகள் யாவும் எலும்பு முறிவாக வெளிப்படுவன அல்ல. மேலும், முறையான பயிற்சியே உயிர் காக்கும் என்று அவ்வறிக்கையை மேற்கோளாகக் காட்டுபவர், அப்பயிற்சியிலிருந்து ஒருவரைத் தவறாக விலக்கிவிடும் காரணத்தையும் கருத்திற் கொள்ளவே வேண்டும். பயிற்சியைக் கைவிட்டவர் பின்னொருநாள் தேவை நெருக்கும்போது தம்பியிடமோ அயலவரிடமோ அரைகுறையாகப் பழகி வீதிக்கு வருவார்.

இரண்டாவது மறுப்புத் தொழிற்பகுப்பின்பாற்பட்டது. திருத்துவது கராஜில் உள்ளவரின் தொழில். ஓட்டப் பழக்குவது பயிற்றுநரின் தொழில். ஒவ்வொருவரும் தத்தம் தொழிலைச் செய்தாற் போதும் என்பது அதன் கூற்று. இதற்கு இசைக்கலையில் ஓர் ஒப்புமை காணலாம். வீணை ஆசிரியர் வீணை செய்யும் தச்சர் அல்லர். மரத்தைக் குடைவதும் மேளம் கட்டுவதும் அவருக்குத் தெரியாதிருக்கலாம். ஆயின், சுருதி சேர்க்கத் தெரியாத ஒருவரை வீணை ஆசிரியர் என்று யாரும் கூறார். சுருதி கலைந்த வீணையை மாணவியின் கையிற் கொடுத்துவிட்டு, சுரம் பிழைக்கின்றது என்று அவரைக் கடிந்துகொள்ளுதல் எத்துணை பேதைமை! கருவியைச் செய்யும் அறிவுக்கும் கருவியைப் பயன்படுத்தும் அறிவுக்கும் இடையே, கருவி பயன்படும் நிலையில் உள்ளதா என்று தீர்மானிக்கும் அறிவு ஒன்றுண்டு. இந்த இடைநிலை அறிவு இரு தொழிலுக்கும் பொதுவானது. கற்பிப்பவருக்கு அது இன்றியமையாதது.

அவ்வறிவு அனுபவத்தால் தானாகவே வந்துவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். இருபது ஆண்டுகளாக ஓட்டும் பயிற்றுநருக்கு வண்டியைப் பற்றிக் கற்பிக்க என்ன இருக்கின்றது என்று கேட்கின்றனர். இங்கேதான் நுண்ணிய சிக்கல் ஒன்று மறைந்துள்ளது. கில்பேர்ட் றைல் என்னும் மெய்யியலாளர் 1949 இல், ஒன்றைச் செய்யத் தெரிதல் வேறு, ஒன்றைப் பற்றி உண்மைகளைத் தெரிந்திருத்தல் வேறு என்று பிரித்துக் காட்டினார். மைக்கேல் பொலான்யி 1966 இல் வெளிவந்த நூலில், மனிதர் தம்மாற் சொல்லக்கூடியதிலும் அதிகமாக அறிந்துள்ளனர் என்ற கருத்தை விளக்கினார். தேர்ந்த ஓட்டுநரின் அறிவு பெரும்பாலும் இவ்வாறு சொல்லில் அடங்காத உடலறிவு. தொய்ந்த செயினுக்கு ஏற்ப அவரது கை தானாகவே மெதுவாக முறுக்குகின்றது. விடுபடாத கிளச்சுக்கு ஏற்ப அவரது கால் தானாகவே பிறேக்கில் அமர்கின்றது. தாம் ஈடுசெய்கின்றோம் என்பது அவருக்கே தெரியாது.

இதனால் விசித்திரமான ஒரு விளைவு உண்டாகின்றது. பழகுநர் முறையிட்டவுடன் பயிற்றுநர் வண்டியை வாங்கித் தாமே ஒருமுறை எட்டு வடிவில் ஓட்டிக் காட்டுகின்றார். கால் தரையிற் படாது, பிசகின்றி முடித்துவிட்டு, "வண்டியிலை ஒரு பிழையும் இல்லை, பாத்தீரோ?" என்கின்றார். அவர் பொய் கூறவில்லை. எனினும் அவர் நிரூபித்தது வண்டியின் நலத்தையன்று. பழுதை ஈடுசெய்யும் தமது திறமையையே. திறமை மிகமிக, அது இயந்திரத்தின் குறையை மறைக்கும் திரையாகின்றது. அனுபவமே இங்குப் பொய்ச்சாட்சி ஆகின்றது. எனவே, அனுபவமிக்க பயிற்றுநருக்கே இப்பயிற்சி அதிகம் தேவைப்படுகின்றது என்னும் முடிவு, முதலிற் கேட்பதற்கு முரணாகத் தோன்றினும், தவிர்க்கவியலாதது. தம் உடல் தம்மை அறியாமற் செய்வதைக் கண்ணாலும் செவியாலும் அளவுகோலாலும் மீண்டும் அறியக் கற்பதே அப்பயிற்சியின் நோக்கமாதல் வேண்டும்.

அத்தகைய பயிற்சி எவ்வாறு அமையலாம்? திருக்குறளின் மருந்து என்னும் அதிகாரம் மருத்துவருக்கு ஓர் ஒழுங்கை வகுக்கின்றது. முதலில் நோய் இன்னதென அறிதல், பின் அதன் காரணத்தை அறிதல், அதன்பின் தணிக்கும் வழியை அறிதல், இறுதியிற் பொருத்தமாகச் செய்தல் என்பது அது. இவ்வொழுங்கு இயந்திரத்திற்கும் பொருந்தும். எஞ்சின் இயங்காதவிடத்து, கையிற் கிடைத்த திருகாணியைத் திருகத் தொடங்குபவர் நோயறியாது மருந்தூட்டுபவரை ஒப்பர். பெற்றோல் வருகின்றதா, தீப்பொறி உண்டாகின்றதா, காற்றுச் செல்கின்றதா என்று எளியதிலிருந்து அரியதை நோக்கிச் செல்லுதலே முறை. பெற்றோல் திறப்பு மூடியிருப்பதைக் கவனியாது காபரேற்றரைக் கழற்றிய கதைகள் எல்லா ஊர்களிலும் உண்டு. வன்னியின் செம்புழுதி காற்று வடிகட்டியை அடைத்து எஞ்சினை மூச்சுத்திணற வைக்கும் என்பதும் உள்ளூர்ப் பயிற்றுநர் முதலில் நினைக்கவேண்டியவற்றுள் ஒன்று.

பயிற்சியாளர் வேண்டுமென்றே வண்டியில் ஒரு பழுதை உண்டாக்கிவைத்து, பயிற்றுநர் அதனைக் கண்டறியுமாறு செய்தல் பயனுள்ள முறையாகும். பின்சக்கரத்தின் காற்றைக் குறைத்தல், பிறேக் விளக்கின் இணைப்பைக் கழற்றுதல், தீப்பொறிக்கட்டையின் மூடியைத் தளர்த்துதல், கிளச் கேபிளைத் தளர்த்துதல் என அவை அமையலாம். இம்முறையில் ஓர் அறப்பயிற்சியும் அடங்கியுள்ளது. பழுது உண்டு என்று அறிந்த மனம் வண்டியை ஐயத்துடன் நோக்கும். அந்த ஐயத்தை, பழுது உண்டா இல்லையா என்று தெரியாத நாள்களிலும் பேணுவதே பழக்கமாகவேண்டும். ஐக்கிய அமெரிக்காவில் 1973 இல் நிறுவப்பட்ட மோட்டார் சைக்கிள் பாதுகாப்பு மன்றம் ரயர், கட்டுப்பாடுகள், விளக்குகள், ஒயில், சட்டகம், தாங்குகால் என்னும் ஆறு தலைப்புகளில் ஓட்டத்திற்கு முந்திய பரிசோதனையைக் கற்பிக்கின்றது. பிரித்தானியாவில் 1990 முதல் நடைமுறையிலுள்ள கட்டாய அடிப்படைப் பயிற்சியிலும் வண்டியைப் பரிசோதித்தல் ஒரு கூறாக உள்ளது. வன்னிக்கு இவற்றை நடைமுறைப்படுத்தத் தளம் இல்லாமலில்லை. கிளிநொச்சி அறிவியல் நகரில் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகம் 2016 முதல் இயங்குகின்றது. தொழிற்பயிற்சி அதிகாரசபையின் நிலையங்களும் உள. வாகனத் தொழில்நுட்பம் கற்பிக்கும் இடங்களுக்கும் ஓட்டப் பழக்கும் இடங்களுக்கும் இடையே ஒரு பாலம் அமைந்தாற் போதும்.

கண்டறிதலுடன் திருத்துதலும் சேரும்போது எல்லை வகுத்தல் இன்றியமையாததாகின்றது. பழுதுகளை மூவகைப்படுத்தலாம். முதலாவது வகை, மைதானத்திலேயே திருத்தத்தக்கவை: காற்று நிரப்புதல், கேபிளின் தளர்வைச் சரிசெய்தல், செயினை உரிய அளவுக்கு இழுத்துவிடுதல், தீப்பொறிக்கட்டையைக் கழற்றித் துடைத்தல், ஒயில் அளவைப் பார்த்து விடுதல், பிறேக் மிதியின் இடைவெளியைச் சரிசெய்தல். இரண்டாவது வகை, பயிற்றுநர் கண்டறிந்து கராஜுக்கு அனுப்பத்தக்கவை: தேய்ந்த பிறேக் கட்டைகள், கழுத்துப் போதிகைகள், எஞ்சினின் உள்ளோசை, வளைந்த சக்கரம். மூன்றாவது வகை, கண்டவுடன் அன்றைய பயிற்சியையே நிறுத்தத்தக்கவை: பிடிக்காத பிறேக், நூலிழை தெரியும் ரயர், திரும்பி வராத அக்சிலேற்றர். முதல் வகையைத் தெரியாதவர் சோம்பேறியாகக் கருதப்படலாம். இரண்டாம் வகையில் தம் எல்லையை அறியாது கைவைப்பவரோ ஆபத்தானவர். அரைகுறையாகக் கழற்றிப் பூட்டிய பிறேக், பூட்டப்படாத பழைய பிறேக்கிலும் கொடியது. அது சரிசெய்யப்பட்டது என்ற பொய் நம்பிக்கையையும் உடன் தருகின்றது. "இது எனக்குத் தெரியாது" என்று கூறக் கற்பித்தலும் பயிற்சியின் ஒரு பாடமே.

மூன்றாம் வகையே கடினமானது. அதற்கு வேண்டுவது அறிவினும் மனவுறுதி. பயிற்சியை நிறுத்தினால் அன்றைய வருமானம் இல்லை. தூரத்து ஊரிலிருந்து பேருந்தில் வந்த பழகுநர் ஏமாற்றமடைவார். வண்டி பயிற்சிப் பாடசாலை உரிமையாளருடையதாயின் அவர் முகஞ்சுளிப்பார். ஆகவே இப்பொறுப்பைத் தனிமனிதரான பயிற்றுநரின் தலையில் மட்டும் ஏற்றுதல் நியாயமன்று. பழுது கூறிய பயிற்றுநரின் நாட்கூலியை வெட்டும் நிறுவனம் பழுதை மறைக்கவே அவரைப் பழக்குகின்றது. மாற்று வண்டி ஒன்று, அளவுகோலும் சாவிகளும் அடங்கிய பெட்டி ஒன்று, நாள்தோறும் கையொப்பமிடும் பரிசோதனைப் பதிவேடு ஒன்று ஆகிய மூன்றும் இருப்பின் மனவுறுதிக்கு வேண்டிய விலை குறையும். இலங்கையில் 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டம் வாகனங்களையும் சாரதிகளையும் ஒழுங்குபடுத்துகின்றது. பிறேக் செவ்வையாக இருத்தல் வேண்டும் என்று சட்டம் பணிக்கலாம். மாணவரின் சொல்லை ஒருமுறையேனும் சோதித்துப் பார்த்தல் வேண்டும் என்று எந்தச் சட்டமும் பணிக்க இயலாது. அவ்விடத்தை நிரப்புவது தொழிலறம்.

பராமரிப்பு என்பது சிறுசெயல்களின் தொடர். 1980 களின் இறுதியில் ஆபிரிக்காவிற்குச் சென்ற பிரித்தானியர் சிலர், புதிதாக வழங்கப்பட்ட வாகனங்கள் பராமரிப்பின்மையால் கைவிடப்பட்டுக் கிடப்பதைக் கண்டு, சுகாதாரப் பணியாளருக்கு ஓட்டுதலையும் நாளாந்தப் பரிசோதனையையும் ஒருங்கே கற்பிக்கும் ஓர் அமைப்பை உருவாக்கினர். லெசோத்தோ போன்ற நாடுகளில் அவ்வமைப்புப் பணியாற்றியது. வண்டியை வழங்குதல் மட்டும் உதவியாகாது. அதனை ஓடும் நிலையில் வைத்திருக்கும் அறிவும் உடன் வழங்கப்படல் வேண்டும் என்பது அவர்களது அனுபவம் தந்த பாடம். போருக்குப்பின் வாழ்வாதார உதவிகள் பல வழங்கப்பட்ட வன்னிக்கும் இப்பாடம் அந்நியமானதன்று. தம் பயிற்றுநர் ஒவ்வொரு காலையும் வண்டியைச் சுற்றிவந்து பரிசோதிப்பதைக் கண்ட பழகுநர், சொல்லிக் கொடுக்காமலே அதனைக் கற்றுக்கொள்கின்றார். பின்னர் நெடுங்கேணிக் காட்டுப் பாதையில் பொழுது சாயும் வேளையில், யானை நடமாடும் இடத்தில், வண்டி நின்றுபோகாதிருப்பதற்கு அக்காலைப் பழக்கமே காப்பாகின்றது.

ஏ9 வீதியிற் செல்லும் வாகனங்கள் முறிகண்டிப் பிள்ளையார் கோயிலின் முன் நின்று செல்லுதல் நெடுநாள் வழக்கம். சாரதி இறங்கித் தேங்காய் உடைப்பார். பயணிகள் கச்சான் வாங்குவர். பக்தியுடையோருக்கு அது வழிபாடு. பிறருக்கும் அதில் ஒரு பொருளுண்டு. எத்துணை அவசரமாயினும் மேற்செல்வதற்குமுன் ஒருமுறை நின்றுவிடுதல் என்னும் ஒழுக்கத்தை அவ்விடம் தலைமுறைகளுக்குப் பழக்கியுள்ளது. பயிற்றுநரிடம் எதிர்பார்க்கப்படுவதும் அத்தகையதொரு நிற்றலே. மாணவர் பிழைசெய்தார் என்று கூற வாயெடுக்கும் ஒவ்வொரு முறையும், கூறுவதற்குமுன் ஒரு கணம் நின்று, பிழை எங்குள்ளது என்று வண்டியையும் தம்மையும் வினாவுதல் வேண்டும்.

இது மைதானத்துப் பயிற்றுநருக்கு மட்டும் உரிய கடமையன்று. பிழையான வினாத்தாளைக் கொடுத்து மாணவரின் விடையைப் பிழை எனும் பரீட்சகரும், பழுதான உபகரணத்தைக் கொடுத்து மாணவரின் அளவீட்டைப் பிழை எனும் ஆய்வுகூட ஆசிரியரும், விளங்காத பாடநூலைக் கொடுத்து மாணவரை மந்தபுத்தியுடையோர் எனும் விரிவுரையாளரும் அதே மைதானத்திலேயே நிற்கின்றனர். பிறரது இயலாமையைத் தீர்ப்பிடும் அதிகாரம் யாரிடம் உள்ளதோ, அவரிடம் தம் கருவியைச் சோதித்துப் பார்க்கும் அறிவும் இருத்தல் வேண்டும். அவ்வறிவு இல்லாதவரை அத்தீர்ப்பை ஒத்திவைப்பதே நேர்மை. கிளச் கேபிளைச் சரிசெய்யும் சிறு சாவி ஒன்று பயிற்றுநரின் சட்டைப்பையில் இருக்குமாயின், "உமக்கு இது வராது" என்ற சொல்லைக் கேளாது வீடு திரும்பும் மாணவர் சிலரேனும் இருப்பர்.